வெண்மணலிலே ஒரு போத்தல் தண்ணீர்



உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நான் அகத்திணை கற்பிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளாகின்றன. குறிஞ்சியை விளக்க மலையகம் இருக்கிறது. முல்லைக்கு வன்னிக் காடு, மருதத்துக்கு வயல்கள். நெய்தலுக்கு எங்கும் போகவேண்டியதில்லை, வகுப்பறை யன்னலைத் திறந்தாலே காற்றில் உப்பு மணக்கும். பாலைக்கு வரும்போதுதான் ஆசிரியனுடைய கை வெறுமையாகிவிடுகிறது. "சேர், பாலை எண்டு ஒரு இடமே இல்லையா?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் கேட்பான். தொல்காப்பியர் அதற்கென்று ஒரு நிலத்தைச் சொல்லவில்லை, முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வளங்குன்றிப் பாலையின் வடிவத்தைப் பெறுவதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது என்று நானும் ஆண்டுதோறும் பதில் சொல்வேன். பையன் எழுதிக்கொள்வான். அவன் முகத்தில் திருப்தி இராது.

ஒருமுறை மாணவர்களை வடமராட்சி கிழக்கிலே மணற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். மணற்குன்றுகள் இருந்தன. மணலிலே பாதி புதைந்துபோன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் இருந்தன. ஆனால் குன்றுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டேயிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அதைப் பாலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாலையைப் பாடியே பெயர்பெற்ற பெருங்கடுங்கோ, மழைவளம் மிகுந்த சேரநாட்டு அரசர் என்பதை எண்ணி ஆறுதல் அடைந்தேன். அவரும் எங்களைப்போல மனத்தினாலேயே பாலையைக் கண்டவராக இருக்கக்கூடும்.

இந்த முன்னுரை எதற்கென்றால், உண்மையான ஒரு மணற்பாலையை நான் கண்ணால் கண்டது 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான். எனது தங்கை குடும்பம் அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே லாஸ் குரூசஸ் என்னும் நகரில் வாழ்கிறது. எழுபது வயதான எங்கள் அம்மாவை மகளிடம் கூட்டிச் சென்று காட்டவேண்டும் என்று விடுப்பெடுத்துப் போயிருந்தேன். போன மறுவாரமே, "அண்ணா, நீ படிப்பிக்கிற பாலை இஞ்சை ஒரு மணித்தியாலத் தூரத்திலை கிடக்கு" என்று தங்கை சொன்னாள். அந்த இடத்துக்குப் பெயர் வைற் சாண்ட்ஸ். வெண்மணல் என்று பொருள்.

பூங்கா காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். வெயிலுக்கு முந்தவேண்டும் என்று இருட்டோடு புறப்பட்டோம். காரிலே மைத்துனர், தங்கை, பதினொரு வயது மருமகள், ஆறு வயது மருமகன், அம்மா, நான். அம்மா சேலைதான் உடுத்தியிருந்தார். காலுக்கு மட்டும் தங்கை வற்புறுத்திச் சப்பாத்து அணிவித்திருந்தாள். "மாமா, பிள்ளைகளுக்குத் தமிழ்க்கதை ஏதும் சொல்லுங்கோவன்" என்று மைத்துனர் கேட்டார். என்னிடம் கேட்டால் வேறு என்ன வரும்? பாலைப் பாட்டுக்களைத்தான் கதையாக்கிச் சொன்னேன்.

முதலிலே கலித்தொகையில் பெருங்கடுங்கோ காட்டும் காட்சி. வெயில் சுடுகின்ற காட்டிலே இருப்பது கொஞ்சத் தண்ணீர். அதையும் யானைக்கன்று காலால் மிதித்துக் கலக்கிவிடுகிறது. ஆண்யானை அந்த நீரைப் பெண்யானைக்கு ஊட்டிவிட்டுப் பிறகு தான் குடிக்கிறது. அதே பாட்டிலே, நிழல் இல்லாத இடத்தில் ஒரு கலைமான் தன் உடம்பின் நிழலைத் தன் பிணைக்குக் கொடுக்கிறது.

அடுத்தது ஐந்திணை ஐம்பதில் மாறன் பொறையனார் பாடியது. சுனையிலே இருக்கும் நீர் இரண்டு மான்களுக்குக் காணாது. தான் குடியாவிட்டால் பிணையும் குடிக்கமாட்டாது என்று கலைமானுக்குத் தெரியும். அதனால் வாயைத் தண்ணீரில் வைத்து, குடிப்பதுபோல உறிஞ்சிப் பாசாங்கு செய்கிறது. பிணை நம்பிக் குடிக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் மாணவர்கள் வழக்கமாக ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் சற்று நிறுத்துவேன். மருமகள் பெருமூச்சு விடவில்லை. "மாமா, அந்த ஆண்மான் பிறகு என்ன ஆனது?" என்று கேட்டாள்.

"அதைப் பாட்டிலே சொல்லவில்லை அம்மா" என்றேன்.

"அவையளுக்கு இன்னும் கனதூரம் போகவேணும்தானே?"

இருபது ஆண்டுகளில் ஒரு மாணவன்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. நல்லவேளையாகக் கார் ஒரு கணவாயைக் கடந்து இறங்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கின் நடுவிலே வெள்ளைக் கோடொன்று தெரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

நேயர்களே, பாலைவனம் என்றதும் நாம் நினைப்பது செம்மணலை. இது வெள்ளை. கடற்கரை மணலின் வெண்மையும் அன்று. சீனியைக் கொட்டி வைத்ததுபோன்ற வெண்மை. காரணம் இது சாதாரண மணலன்று, ஜிப்சம் என்னும் கனிமம். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் சாந்து இதிலிருந்துதான் செய்யப்படுகிறது. வகுப்பறைகளில் நாங்கள் எழுதுகின்ற வெண்கட்டியிலும் பெருமளவு இதுவே. ஒரு பிடி அள்ளி உதறியபோது என் கை, பாடம் முடித்து வெளியே வரும்போது இருப்பதுபோலவே இருந்தது.

ஜிப்சம் தண்ணீரிலே கரையக்கூடியது. மற்ற இடங்களில் மழை அதைக் கரைக்கும். ஆறு கடலுக்குக் கொண்டுபோய்விடும். இங்கே கிழக்கிலும் மேற்கிலும் மலைத்தொடர்கள். நடுவிலுள்ள வடிநிலத்திலிருந்து வெளியேற ஓர் ஆறு இல்லை. மலைகளிலே பழங்காலக் கடலொன்று விட்டுச்சென்ற ஜிப்சத்தை மழையும் பனியும் கரைத்துக் கீழே கொண்டுவர, நீர் தேங்கி வெயிலில் வற்ற, படிகங்கள் மிஞ்சுகின்றன. காற்று அவற்றை உடைத்துத் தேய்த்துக் குன்றுகளாகக் குவிக்கிறது. 275 சதுர மைல் பரப்பு. உலகிலுள்ள ஜிப்சம் மணல்வெளிகளில் இதுவே மிகப் பெரியது. 1933 இல் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்தார்கள். தேசியப் பூங்காவாகியது 2019 டிசம்பரிலேதான். மணல்வெளியில் ஒரு பகுதியே பூங்கா. சுற்றிவரவுள்ள மிகுதி ஏவுகணைகளைப் பரிசோதிக்கும் இராணுவத் தளம். பரிசோதனை நடக்கும் நேரங்களில் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்களாம். உலகின் முதலாவது அணுகுண்டை 1945 ஜூலை 16 ஆம் திகதி வெடித்துப் பார்த்த இடமும் இதற்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் இருக்கிறது. இதைக் கேட்ட அம்மா, "அப்ப இஞ்சையும் ஆமியோ?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு விசித்திரம், இந்த மணல் சுடுவதில்லை. சில அடி ஆழத்திலேயே நிலத்தடி நீர் இருக்கிறது. அந்த ஈரந்தான் குன்றுகளைக் கலையாமல் பிடித்து வைத்திருக்கிறதாம். அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். "விடியக்காலமை கோயில் வீதி மாதிரிக் குளிர்மையாக் கிடக்கு" என்றார். பிள்ளைகள் பிளாஸ்ரிக் வட்டத் தட்டுக்களுக்கு மெழுகு தேய்த்து, அதிலே குந்தியிருந்து உச்சியிலிருந்து சறுக்கினார்கள். அம்மா அதைக் கண்டதும் கமுகம் மடலில் இருத்தி இழுத்த தன் சின்ன வயதுக் கதையைத் தொடங்கிவிட்டார். இரண்டாந்தரம் சறுக்கும்போது நானும் ஏறினேன். கல்லூரியில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. இப்போது வானொலியிலே சொல்லியாகிவிட்டது.

இளைப்பாறும்போது மைத்துனர் காலடித் தடங்களைப் பற்றிச் சொன்னார். பழைய ஏரிப் படுகையிலே மனிதத் தடங்கள் படிந்து கிடக்கின்றன. அவற்றிற் சில 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021 இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தார்கள். அவற்றிலே சிறுவர்களுடைய தடங்களே அதிகமாம். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த வேறோர் ஆய்வுதான் எங்களை வாயடைக்கச் செய்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தடவரிசை, ஒன்றரைக் கிலோமீற்றர் நீளம். ஒரு பெண்ணாகவோ வளர்ந்த பையனாகவோ இருக்கலாம். ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேற்றிலே வேகமாகப் போயிருக்கிறார். இடைக்கிடை குழந்தையை இறக்கிவிட்டிருக்கிறார். அங்கே மட்டும் சின்னப் பாதங்கள் தெரிகின்றன. அதே வழியால் அவர் திரும்பி வந்திருக்கிறார். திரும்பும் தடங்களில் குழந்தை இல்லை.

எல்லோரும் பேசாமல் இருந்தோம். தங்கை தன் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாதான் சாதாரணமாகச் சொன்னார்: "பிள்ளையைத் தாய் வீட்டிலை விட்டிட்டு வந்திருப்பாள். வேறை என்ன?"

பல இலட்சம் ரூபாய் கடன்பட்டு மகளைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிய ஒரு தாய்க்கு அப்படி ஒரு விளக்கம் தேவைதான்.

இனித் தண்ணீர் விடயத்துக்கு வருகிறேன். பூங்கா வாசலில் உள்ள பார்வையாளர் நிலையத்தைத் தாண்டினால் உள்ளே எங்கும் குடிநீர் இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு ஒரு கலன், அதாவது நாலு லீற்றர் அளவில், கொண்டுபோகவேண்டும். முப்பது பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் நடைப்பயணம் தொடங்கக்கூடாது என்பது அறிவுரை. மருமகள் அதையெல்லாம் வாசலிலேயே உரத்து வாசித்தாள். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று மைத்துனரைத் தனியே கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

2015 ஓகஸ்டில், பிரான்சிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தம்பதி தங்கள் சிறு மகனுடன் எட்டுக் கிலோமீற்றர் நீளமான பாதையிலே நடக்கத் தொடங்கினார்கள். வெப்பம் முப்பத்தெட்டுப் பாகை அளவில். கையிலே இரண்டு சிறிய போத்தல் தண்ணீர். வழியில் தாய் இயலாமல் திரும்பி நடந்து, விழுந்து இறந்தார். அப்பால் சென்ற தகப்பனும் இறந்தார். மகன் உயிரோடு மீட்கப்பட்டான். தாங்கள் ஒரு மிடறு குடித்தால் பிள்ளைக்கு இரண்டு மிடறு கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னர் தெரியவந்தது.

நான் காரிலே சொன்ன மான் எனக்கு நினைவுக்கு வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். மருமகள் நின்றுகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். சின்னவனைக் காணவில்லை.

அம்மாவையும் காணவில்லை. இங்கே இருக்கிற ஒரு வெள்ளைப் பல்லியைத் துரத்திக்கொண்டு அவன் அடுத்த குன்றுக்கு அப்பால் இறங்கியிருக்கிறான். அம்மா அவனுக்குப் பின்னால் போயிருக்கிறார். இதைப் பிறகுதான் அறிந்தோம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைக் குன்றுகள் மட்டுமே. ஒன்றில் ஏறினால் அதேபோன்ற இன்னொன்று. காற்று வீசிக்கொண்டிருந்தது. தடங்கள் இருந்த இடமெல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே மென்மையாகிக்கொண்டு வந்தன. மைத்துனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தங்கை காருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியிலே செல்லும் செவிலித்தாயைப் பற்றி எத்தனை தரம் குறிப்பெழுதக் கொடுத்திருக்கிறேன்! எதிரே வருபவரையெல்லாம் நிறுத்தி அவள் விசாரிப்பாள். எனக்கு எதிரே யாரும் வரவில்லை.

இருபது நிமிடமளவில் கண்டுபிடித்தோம். மைத்துனர்தான் சேலையின் நிறத்தைக் கண்டார். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா மணலில் இருந்தார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். அந்த நிழலுக்குள்ளே சின்னவன் சப்பாணி கட்டியிருந்து மணலை அளைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் வெறும் போத்தல் கிடந்தது.

எழும்ப முயன்றபோது அம்மாவால் முடியவில்லை. தலை சுற்றியது, உதடு வெளிறியிருந்தது. இருவருமாகத் தாங்கிக் காருக்குக் கொண்டுவந்து, தண்ணீர் பருக்கி, ஈரத்துணி போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? கையிலை தண்ணி வைச்சுக்கொண்டு ஏன் குடிக்கேல்லை?" தங்கை அழுதுகொண்டே ஏசினாள்.

"எனக்கு விடாயில்லைப் பிள்ளை. கொஞ்சத் தண்ணிதானே கிடந்தது. பெடியன் வாடிப்போனான்."

எனக்கு விடாயில்லை. நேயர்களே, அந்தச் சொற்களை அதே குரலிலே நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்த நாள். எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு ஒன்பது. செம்மணி வெளியிலே அடிக்கு அடி சனம். ஒரு மணித்தியாலத்துக்கு நூறு யார் நகர முடியாத நெரிசல். வீதியின் இரு பக்கமும் தண்ணீர்தான், ஆனால் உவர். அப்பா உருட்டிய சைக்கிளில் ஒரேயொரு போத்தல் நல்ல தண்ணீர் தொங்கியது. தங்கை குடித்தாள். நான் குடித்தேன். "அம்மா, நீங்கள்?" என்று கேட்டேன். "எனக்கு விடாயில்லை, நீ குடி ராசா" என்றார். பிறகு மழை கொட்டியது. சனங்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்தினார்கள். அம்மா இரண்டு கையாலும் குடையைப் பற்றிக்கொண்டு, மூச்சு விடாமல், அது வெறுமையாகும்வரை குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். விடாயில்லை என்று அவர் சொன்ன நேரத்தில் நான் அதை நம்பியா குடித்தேன், நம்புவது வசதியாக இருந்ததால் குடித்தேனா? பதினைந்து வயது என்பது அவ்வளவு சின்ன வயதுமல்ல. அந்தக் கலைமான் பாட்டைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆண்மானின் அன்பைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறேன். குடித்த மானைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

காரிலே மௌனமாக இருந்தோம். முதலில் பேசியவள் மருமகள்தான்.

"மாமா, அந்த ஆண்மான் செத்துத்தான் இருக்கும்."

நான் மறுக்கவில்லை.

"யானைதான் சரி. முதல் குடுத்திட்டு, பிறகு தானும் குடிச்சது. அம்மம்மாவுக்கு நீங்கள் யானைக் கதையை மட்டும் சொல்லியிருக்கவேணும்."

கலித்தொகையையும் ஐந்திணை ஐம்பதையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். இந்த வேறுபாட்டை எவரும் எழுதியதில்லை. திருத்திய நானும் கண்டதில்லை. இரண்டும் நீரூட்டும் அன்பு என்று ஒரே வரிசையிலே போட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். அம்மாவின் பக்கம் நான் திரும்பவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாஸ் குரூசஸ் நோக்கித் திரும்பும் வழியிலே எல்லைக் காவலரின் சோதனைச்சாவடி ஒன்று உண்டு. வாகனங்கள் வேகம் குறைவதைக் கண்டதுமே அம்மாவின் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. அங்கே கேட்கப்போவது கடவுச்சீட்டு. அம்மா எடுத்து மடியில் வைத்ததோ இலங்கை அடையாள அட்டை. தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன், என் கையும் சட்டைப்பையில்தான் இருந்தது.

வரிசை மெதுவாக நகர்ந்தது. பின்னாசனத்திலே மருமகள் புதிய போத்தலொன்றைத் திறந்து அம்மம்மாவின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு விடாயில்லைக் குஞ்சு."

"பரவாயில்லை, குடியுங்கோ. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

அம்மா குடித்தார். அவருடைய தொண்டையையே பார்த்தபடி, பாசாங்குக்கு இடம் கொடாமல், அவள் தமிழில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு வந்தபோது காவலர் எங்கள் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவரைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவள் பதின்மூன்று என்றாள்.